மூணாவது கைக்கு வந்த வேகம்

2022 கடைசியில எங்க பெரியம்மா மகன் ஒரு லான்சர் ஜீ.எஸ்.ஆர். வாங்கினார். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செஞ்சது. 1.8 லீட்டர் டர்போ எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அந்த நேரம் கியூ.ஆர். கோட்டுக்குக் கணக்குப் பண்ணித்தான் பெட்ரோல் கொடுத்தாங்க. "இப்போ போய் இந்தக் காரா?"ன்னு கேட்டேன். "தம்பி, காசை பேங்க்ல வச்சா கரையும். வாகனத்துல போட்டா ஏறும்"னார்.

அப்போ ஊரே அப்படித்தான் பேசினது. அதனால் அவரை முட்டாள்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காசில் பெரும்பகுதி பெரியம்மாவுடையது. முப்பது வருஷம் கொழுந்து பறிச்சு, 50 வயசில எடுத்த ஈ.பி.எஃப். காசு.

கார் நாலு மாசம் ஓடினது. பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுற வளைவில் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடிச்சு எஞ்சின் செத்துப்போச்சு. வித்தவருக்குப் போன் பண்ணினா எடுக்கல. ஓப்பன் பேப்பர்ல வாங்கினதால பதிவுப் புத்தகத்தில் இருந்தது வேற யாரோ ஒருத்தர் பேர்.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன். எஞ்சின் பற்றி எனக்குத் தெரிஞ்சது கராஜ் பாஸ் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனா இந்தக் கதைக்குப் பின்னால ஒரு பழைய கதை இருக்கு.

தொரையின் கார்

மலைநாட்டில் கார் வேகம் தோட்டத் தொரைமாரோடு வந்த பொழுதுபோக்கு. நுவரெலியா மாகஸ்தொட்டவில் மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கினது. ரயில் பதுளைக்கு வந்து அப்போ பத்து வருஷம்தான் ஆகியிருந்தது (1924). கொழுந்து லொரியில் போனது, நம்ம ஆட்கள் நடந்து போனாங்க. எங்க தாத்தா சின்ன வயசில பங்களாவில் கார் கழுவினவர். அவர் கதையில் கார்னா ஈரத்துணியால் மட்டும் தொடக்கூடிய சாமான்.

1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சது. புதுக் கார் வருவது அநேகமா நின்னுபோச்சு. இருந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் கடைசல் பட்டறையில் உதிரிப்பாகம் செஞ்சே ஓட்டினாங்க. அதே காலத்தில், 1973-74இல், தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. ஒரே தட்டுப்பாடு டவுனில் பழைய காரின் விலையை ஏத்தினது, லயத்தில் உசிரை எடுத்தது.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. 'ரிகண்டிஷன்' கார்கள் ஜப்பானிலிருந்து வந்து இறங்கின. அங்கே கார் பழசாகப் பழசாகக் கட்டாயப் பரிசோதனைச் செலவு கூடும். அதனால் நல்லா ஓடும்போதே வித்துடுவாங்க. டர்போ லான்சரும் சுபாரு இம்பிரெஸாவும் நம்ம பக்கம் வந்தது இந்த வழியில்தான். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் அவை மண்ணைக் கிளப்பிட்டு ஓடுறதைப் பார்க்கப் பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பொடியன்மார் சோறு கட்டிட்டுப் போவாங்க. அண்ணனுக்கு ஆசை பிறந்ததும் அங்கேதான்.

மறுபடி மூடின கதவு

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தினது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருஷமா நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. நடுவில் ரூபாயும் விழுந்தது. பழைய கார் வாங்கின விலையை விடக் கூட வித்தது. அப்படி ஒரு சந்தையில் விக்கிறவருக்குப் பயமில்லை. நீங்க வேணாம்னா பின்னால இன்னொருத்தர் நிக்கிறார்.

சாதாரணக் காருக்கே இந்த நிலைமைன்னா வேகக் காரைச் சொல்லவே வேணாம். அதை வாங்கின ஒவ்வொரு ஆளும் வாங்கினது விரட்டத்தான். முதல் ஆள் ஒழுங்கா எண்ணெய் மாத்தியிருப்பார். ரெண்டாவது ஆள் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியிருப்பார். மூணாவது ஆள் கைக்கு வரும்போது கம்பனிச் சாமான் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அண்ணனிடம் மீட்டரில் 75,000 கிலோமீட்டர் காட்டினாங்க. முப்பது வருஷக் காருக்கு அது வருஷத்துக்கு 2,500, ஒரு நாளைக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. டர்போ கார் வாங்கின ஒருத்தர் ஒரு நாளைக்கு ஏழு கிலோமீட்டரா ஓட்டுவார்? இந்தக் கணக்கை நான் போட்டது கார் செத்த பிறகு.

பாஸ் பிறகு சொன்னதைச் சுருக்கமா எழுதுறேன், யாருக்காவது உதவும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே பண்ணுங்க. நீலப் புகை வந்தா எண்ணெய் எரியுது, டர்போவோ எஞ்சினோ தேய்ஞ்சிருக்கு. நாலு சிலிண்டரிலும் கம்பிரஷன் அளந்து பாருங்க, ஒண்ணு மட்டும் குறைஞ்சா விட்டுட்டு வாங்க. டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கிட்டு, அந்தச் செலவை விலையில் கழிங்க. காரைத் தூக்கி அடியில் வெல்டிங் தழும்பு இருக்கான்னு பாருங்க. செசி நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்க. தட்டையான ரோட்டில் ஓட்டிக் காட்டினா நம்பாதீங்க, ஹாலிஎலயிலிருந்து ஏத்தத்தில் ஓட்டிப் பாருங்க. சூடு ஏறுறதும் கிளட்ச் வழுக்குறதும் அங்கேதான் தெரியும். இறக்கத்தில் பிரேக்கைப் பாருங்க. புத்தகத்தில் இருக்கிற ஆளைக் கண்ணால பார்க்காம ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

2024 ஏப்ரல் 21இல் ஃபொக்ஸ் ஹில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு நடந்தது. ஒரு கார் பாதையை விட்டு விலகி ஆட்கள் மேல ஏறினதில் ஏழு பேர் செத்துப்போனாங்க. அதில் ஒரு எட்டு வயசுப் பிள்ளையும். அண்ணன் அன்னைக்குப் போகல. செய்தி வந்த ராத்திரி, தகரக் கொட்டகையில் நிக்கிற லான்சருக்குள் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் போடணும்னு அதுக்குப் பிறகு அவர் பேசினதில்லை.

பெரியம்மா காசைப் பற்றிப் பேசுறதே இல்லை. ஒரு நாள் மட்டும் என்னிடம் கேட்டாங்க: "ஒரு மாடு வாங்கினாக்கூட எந்த வீட்டு மாடு, எத்தனை ஈத்து, ஏன் விக்கிறாங்கன்னு நாலு பேரிடம் விசாரிப்போமே. இவன் அதையெல்லாம் கேட்டானா?"

மூணு வருஷமா வரலாற்று வகுப்பில் எங்களுக்குக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறதும் அதைத்தான்: இது யார் கையில் இருந்தது, ஏன் கைமாறினது, சொல்றவருக்கு இதில் என்ன லாபம். அண்ணன் கார் பார்க்கப் போன அன்னைக்கு நானும் கூடத்தான் போனேன். பின் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்கல.