காரில் கசிந்த குளிர்

வெப்ப மண்டலத்தில் நிலைபெற்ற நகரங்களின் வரலாறு, ஒரு வகையில், குளிர்ச்சியைத் தேடிய வரலாறேயாகும். சிங்கப்பூரும் இதற்கு விலக்கன்று. 1854ஆம் ஆண்டில், வாம்போவா எனப் புகழ்பெற்ற வணிகர் ஹூ ஆ கே ஆற்றங்கரையோரம் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை நிறுவினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி அங்கே விற்கப்பட்டது. ஆயினும் அம்முயற்சி இழப்பிலேயே முடிந்தது. பிற்காலத்தில் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் இந்நகரிலேயே தோன்றின. தேக்கா வட்டாரத்தை ஒட்டிய சுங்கை சாலையிலும் அத்தகைய ஆலை ஒன்று இயங்கியது.

1939ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் குளிர்சாதன வசதியுடன் கேத்தே திரையரங்கு இங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் காருக்குள் குளிர்சாதனத்தைப் பொருத்திக் காட்டியது. சாமான் வைக்கும் பின்பகுதியை அடைத்துக்கொண்ட அக்கருவியை நிறுத்த வேண்டுமாயின், எஞ்சினை அணைத்துவிட்டுப் பட்டையையே கழற்ற வேண்டியிருந்தது!

இத்தகைய கருவிகளுக்கு உயிர்நாடியாக விளங்கியது ஒரு வாயு. முன்னாளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே குளிர்பதனத்திற்குப் பயன்பட்டன. 1928ஆம் ஆண்டில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும் தீப்பற்றாத, நச்சற்ற குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களைக் கண்டனர். அவற்றுள் ஆர்-12 என்பதே பல்லாண்டுக் காலம் கார்களின் குளிர்சாதனங்களை ஆண்டது.

வீட்டுக் குளிர்ப்பெட்டியில் அமுக்கி முழுவதும் மூடப்பட்டிருக்கும். காரிலோ எஞ்சினின் பட்டையே அமுக்கியைச் சுழற்றுகிறது. எனவே சுழலும் தண்டைச் சுற்றி அடைப்பு வேண்டும். அதிர்வைத் தாங்க ரப்பர்க் குழாய்களும் வேண்டும். இவ்விரண்டின் வழியாகவும் வாயு சிறிது சிறிதாகக் கசிகிறது. ஓட்டாமல் நிறுத்தி வைத்த பழைய காரிலோ தண்டின் அடைப்பு எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்து, கசிவு மிகுகிறது.

அக்காலப் பட்டறைகளில் சோப்பு நீரைப் பூசிக் குமிழி எழும் இடத்தைக் கண்டனர். விளக்கின் சுடர் பச்சையாக மாறுவதைக் கொண்டும் கசிவை அறிந்தனர். பலவிடங்களில் அதுவுமின்றி, குறைந்த அளவுக்குப் புதிய கேஸ் ஏற்றி அனுப்புவதே வழக்கமாயிற்று. தீங்கற்றது எனக் கருதிய வாயு காற்றில் கலந்தால் என்ன என்பதே அன்றைய எண்ணம்.

அவ்வெண்ணத்தை 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்ட் ஆகிய அறிஞர்கள் தகர்த்தனர். இவ்வாயுக்கள் வானில் உயரச் சென்று சிதைந்து, அவற்றின் குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கும் என அவர்கள் எடுத்துரைத்தனர். 1985ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989 ஜனவரியில் சிங்கப்பூர் அதில் இணைந்தது. இவ்வாயுவை இறக்குமதி செய்தே வந்த இந்நாடு, அதற்கு அளவு வரையறுத்தது. ஒரு பாதி பழைய பயன்பாட்டின்படி பங்கிடப்பட்டது. மறு பாதி ஏலமுறையில் விடப்பட்டது. வாயு அரிதாகி விலை உயரவே, கசிவை அடைப்பதும் பழைய வாயுவை மீட்டெடுப்பதும் சிக்கனமான செயல்களாயின.

பின்னர் ஆர்-134ஏ என்னும் வாயு வந்தது. அது ஓசோனை அழிப்பதில்லை; ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தம் அத்தகைய வாயுக்களையும் குறைக்க வழிவகுத்தது.

ஆகவே, பழங்காரைப் பேணுவோர்க்கு இன்று கடமை ஒன்று உண்டு. எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாது கருவியில் மீட்க வேண்டும். அடைப்புகளையும் குழாய்களையும் மாற்ற வேண்டும். புதிய வாயுவுக்கேற்ற எண்ணெயை இட வேண்டும். ஈரம் நீங்க வெற்றிடம் ஆக்கிய பின்னரே வாயுவை நிரப்ப வேண்டும். ஆர்-12 வானில் ஏறக்குறைய நூறாண்டு நிலைப்பது. 1960களில் ஒரு பட்டறையில் கசிந்ததில் ஏறத்தாழப் பாதி இன்னும் நம் தலைக்கு மேலே உலவுகிறது. ஒருவர் துய்த்த குளிருக்குப் பின்வரும் தலைமுறைகள் விலை கொடுக்கின்றன என்பதையே இச்சிறு கசிவின் வரலாறு உணர்த்துகிறது.