விசைப் பாராகிளைடிங்கில் தாழ்பறப்பு சாகசம்

விசைப் பாராகிளைடிங்கில் தாழ்பறப்பு சாகசம் என்பது, முதுகில் இயந்திரத்தைச் சுமந்து பறக்கும் பாராகிளைடர் ஓட்டுநர் தரைக்கு மிக அருகில் செங்குத்தான திருப்பங்கள், ஊசலாட்டங்கள், சுருள் இறக்கங்கள் முதலியவற்றைச் செய்வதாகும். உயரத்தில் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு, தரையருகே உயிரிழப்பில் முடியக்கூடும்.

அமைப்பு

பாராமோட்டர் எனவும் அழைக்கப்படும் விசைப் பாராகிளைடர் 1980களில் ஐரோப்பாவில் உருவானது. இதன் இறக்கை துணியால் ஆனது. அதற்குச் சட்டகம் கிடையாது. முன்விளிம்பில் உள்ள திறப்புகளின் வழியே புகும் காற்றின் அழுத்தமே இறக்கைக்கு வடிவம் தருகிறது. ஓட்டுநர் பல மீட்டர் கீழே, ஊசற்குண்டு போலக் கயிறுகளில் தொங்குகிறார்.

ஆபத்துக்கான காரணங்கள்

உயர இழப்பு: சுருள் இறக்கத்தில் இறங்குவேகம் விநாடிக்கு 15 மீட்டரைத் தாண்டக்கூடும். அவ்வேகத்தில் 30 மீட்டர் உயரம் 2 விநாடிகளில் தீர்ந்துவிடும். திருப்பத்திலிருந்து மீளவும் உயரம் தேவைப்படுகிறது.

மிகைச்சுமை: உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பும்போது இறக்கை தாங்கும் சுமை இரு மடங்காகிறது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும் ஏறத்தாழ 1.4 மடங்காக உயர்கிறது.

இறக்கை மடிதல்: இருபுறமும் மாறி மாறி ஊசலாடும்போது, ஊசலின் உச்சியில் கயிறுகள் தளர்ந்தால் இறக்கையின் ஒரு பகுதி மடியும். உயரத்தில் அது பெரும்பாலும் மீண்டும் விரிந்துவிடும். தரையருகே அதற்கு நேரமில்லை.

இயந்திர விசை: விசையைத் திடீரெனக் கூட்டினாலோ குறைத்தாலோ ஓட்டுநர் முன்பின்னாக ஊசலாடுவார். விசிறியின் சுழற்சி அவரை ஒரு பக்கமாகத் திருப்பவும் முயலும்.

காட்சி மயக்கம்: மணிக்கு 40 கி.மீ. வேகமுள்ள பாராகிளைடர், 20 கி.மீ. வேக எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 20 கி.மீ. வேகத்திலேயே நகரும், காற்றின் திசையில் திரும்பியதும் அது 60 கி.மீ. ஆகிவிடும். தரை விரைந்தோடுவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக் கயிறுகளை அளவுக்கு மீறி இழுத்தால், இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்.

தடைகள்: மின்கம்பிகள் மிக அருகில் வரும்வரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீருக்கு மேல் பறப்பதும் பாதுகாப்பானதன்று. நீரில் விழுந்தவரை இயந்திரத்தின் எடை கீழே இழுக்கும், கயிறுகளும் சுற்றிக்கொள்ளக்கூடும்.

பாதுகாப்பு முறைகள்

அவசரகாலப் பாராசூட் விரிவதற்கும் உயரம் வேண்டும். எனவே தாழ்பறப்பில் அதனை முழுமையாக நம்ப இயலாது. இறக்கை மடிதல் போன்ற நிலைகளைச் சமாளிக்கும் பயிற்சி, போதிய உயரத்தில், மீட்புப் படகு காத்திருக்கும் நீர்ப்பரப்பின் மேல் அளிக்கப்படுகிறது. துருக்கியின் ஓலுதெனிஸ் கடற்கரையும் பிரான்சின் அன்சி ஏரியும் இத்தகைய பாராகிளைடிங் பயிற்சிக்குப் பெயர்பெற்றவை. நீருக்கு மேல் பறப்போர், விழுந்தவுடன் தானாக ஊதிக்கொள்ளும் மிதவையை அணிவதுண்டு.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் 1982இல் நடைமுறைக்கு வந்த 103ஆம் பகுதி விதிகளின்படி, ஒருவர் மட்டும் பறக்கும் இவ்வகை ஊர்திகளுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேல் பறப்பதையும், பிறருக்கோ உடைமைகளுக்கோ தீங்கு நேரும்படி பறப்பதையும் அவ்விதிகள் தடைசெய்கின்றன. ஆனால் பயிற்சியைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே, எந்த உயரத்தில் எதைச் செய்யலாம் என்பது பெரும்பாலும் ஓட்டுநரின் தன்கட்டுப்பாட்டையே சார்ந்துள்ளது.