சீனத் தகப்பனும் தமிழ்த் தாயும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், ஒரு புறம் கடலும் மறு புறம் வாவியுமாக நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே களுவாஞ்சிக்குடி என்னும் ஊரைக் காண்பர். அங்கிருந்து மேற்கே திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை; வயல்களின் நாடு. இவ்விரு கரைகளிலும் உறவு பேசத் தொடங்கும் பெரியோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, நீங்க என்ன குடி?" என்பதே அது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று ஏதேனும் ஒரு விடை வரும். அந்த விடை தகப்பனுடைய குடியன்று, தாயினுடைய குடி. தாய்க்கு அவள் தாயிடமிருந்து வந்தது. பிள்ளைக்குத் தாயிடமிருந்து வருகிறது.

இனி, ஒரு பிள்ளையின் தகப்பன் சீன தேசத்திலிருந்து வந்தவனாயின், அப்பிள்ளை என்ன விடை சொல்லும்? வழக்கத்தின்படி தயக்கத்திற்கு இடமே இல்லை. தாயின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி. ஆனால், அதே பிள்ளை ஓர் அரசாங்கக் கந்தோருக்குச் சென்று, "நான் எந்த நாட்டுப் பிரசை?" என்று கேட்டிருந்தால், 1948ஆம் ஆண்டிற்குப் பின் நெடுங்காலம் கிடைத்திருக்கக்கூடிய விடை வேறு. வீட்டின் வழக்கும் நாட்டின் சட்டமும் இவ்வாறு முரண்பட்ட கதையையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீனருக்கும் நமக்கும் உள்ள தொடர்பைப் பேசப் புகுவோர் வழக்கமாகக் காலிக் கல்வெட்டிலிருந்து தொடங்குவர். சீனப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அக்கல் 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. 1911இல் அது கண்டெடுக்கப்பட்டபோது காலி நகரத்து வடிகால் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. பேரரசனின் சாசனம் வடிகாலை மூடப் பயன்பட்டதே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் அத்துணை வருத்தமில்லை. பொன்னும் வெள்ளியும் பட்டும் கொடுத்ததை எழுதி வைத்த கல், பெண் கொடுத்துப் பெண் கொண்டதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

குடும்பக் கதை மிகவும் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஷாண்டோங், ஹூபே முதலிய மாகாணங்களிலிருந்து சீனர் சிறு சிறு தொகையினராக இலங்கைக்கு வந்தனர். துணி மூட்டையைத் தோளிலோ சைக்கிளிலோ ஏற்றி, வீடு வீடாகச் சென்று விற்றவர்கள் அவர்கள். வேறு சிலர் பல் கட்டும் தொழில் செய்தனர். பின்னாளில் உணவுச்சாலை வைத்தவர்களும் உண்டு. 1937இல் ஜப்பானியர் சீனத்தின் மீது தொடுத்த போரும், அதன் பின் 1949இல் முடிந்த உள்நாட்டுப் போரும் திரும்பிப் போகும் வழியை அடைத்தன. ஊரிலிருந்து மனைவியை அழைப்பித்துக் கொண்டோர் சிலர். இங்கேயே பெண் கொண்டு குடும்பமானோர் சிலர்.

மணம் முடித்த சீனர் எங்கே சென்று குடியிருப்பார்? நம் கரையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளை தன் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வருகிறான். பெண்ணின் பெற்றோர் அருகிலே வேறொரு சிறு வீட்டுக்கு மாறிக் கொள்வதும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ தமிழகத்திலோ "வீட்டோடு மாப்பிள்ளை" என்றால் அதிலே ஒரு சிறு இளக்காரம் தொனிக்கும். இங்கே தெருவில் உள்ள ஆண்கள் எல்லோரும் ஏறக்குறைய அத்தகையவர்களே. யாரை யார் இளக்காரம் செய்வது?

சீன தேசத்தின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறு. மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்ல வேண்டும். பெண் வீட்டில் புகும் மாப்பிள்ளைக்கு அங்கே தனியான பெயர் உண்டு. அது மதிப்பான பெயரன்று. ஆண்மக்கள் இல்லாத வீட்டார் வறிய இளைஞன் ஒருவனை அழைத்து வருவதும், பிறக்கும் பிள்ளைகளிற் சிலருக்கேனும் தாய்வீட்டுக் குலப்பெயரைச் சூட்டுவதும் உண்டு. ஊரார் அவனைத் தாழ்வாகப் பார்ப்பர். ஆகவே, தன் கிராமத்தில் தலைகுனிவாக எண்ணப்பட்டிருக்கக்கூடிய நிலை, வாவிக்கரையில் எந்த மாப்பிள்ளைக்கும் உரிய இயல்பான நிலையாகி விடுகிறது. பிறநாட்டு மாப்பிள்ளைக்கு இதைவிட வசதியான நாடு எளிதிற் கிடைக்காது. இக்கரையின் முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை வழங்குவதை நேயர்கள் அறிவார்கள். கடல் கடந்து வந்த வணிகர் இவ்வூர்ப் பெண்களை மணந்த பழங்காலத்திலேயே அம்முறை அவர்களிடம் நிலைத்தது என்று கூறுவர்.

உறவு முறையைப் பாருங்கள். ஆங்கிலேயருக்குத் தகப்பனின் அண்ணனும் தம்பியும் தாயின் சகோதரனும் ஒரே சொல்லில் அடங்கி விடுகின்றனர். சீனத்தில் அவ்வாறில்லை. தகப்பனின் தமையனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு ஒரு சொல்; அண்ணன் வேறு, தம்பி வேறு; அக்காள் வேறு, தங்கை வேறு. பெரியப்பனும் சித்தப்பனும் மாமனும் நிறைந்த முற்றத்திலே யாரை எப்படி அழைப்பது என்று கற்கும் சீன மாப்பிள்ளைக்குச் சொல் புதிது, பாகுபாடு புதிதன்று. மண விலக்கும் அப்படியே. ஒரே குலப்பெயர் கொண்ட ஆணும் பெண்ணும் மணக்கலாகாது என்பது சீனத்தின் பழைய விதி. ஒரே குடியில் மணக்கலாகாது என்பது மட்டக்களப்பின் விதி. அவர் தகப்பன் வழியாக எண்ணுகிறார். மனைவி தாய் வழியாக எண்ணுகிறாள். இருவர் விதியையும் கைக்கொள்ளும் வீட்டிலே பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பார்ப்பவர் இரட்டைக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

பெயரிடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சீனர் குலப்பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பர். நாமும் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக் கொள்கிறோம். ஐரோப்பிய முறையில் அச்சடித்த படிவமே இருவரையும் தலைகீழாக்குகிறது.

அடுக்களையில்தான் இணக்கம் சற்றுக் கடினம். சோறும் மீனும் இருவருக்கும் பொது. ஆனால், மட்டக்களப்பின் பெருமையான எருமைத் தயிர், பாலும் தயிரும் பழகாத நாட்டிலிருந்து வந்தவரின் நாவுக்கு உடனே பிடித்து விடாது. பன்றியிறைச்சியோ அதைவிடப் பெரிய சிக்கல். வீடு என்பதற்குச் சீன எழுத்து, கூரையின் கீழ் ஒரு பன்றி நிற்பதாக அமைந்தது. சைவ வீட்டு அடுப்பிலே அது ஏறாது. அடுப்பு மனைவியுடையது, வீடும் மனைவியுடையது. எனவே இத்தகைய வழக்கில் தீர்ப்பு எப்படி அமையும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. முன்னோர் வழிபாட்டில் மீண்டும் ஒற்றுமை காண்கிறோம். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சீனர் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் படையல் இடுவர். ஆடி அமாவாசையன்று நம்மவர் மாமாங்கேசுவரர் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் செய்வர்.

இதுவரை கூறியவை இரு நாட்டு வழக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவை. இத்தகைய ஓர் இல்லத்தை நேரிலே கண்டு எழுதிய குறிப்பும் உண்டு. அது தமிழகத்தின் நீலகிரியைச் சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்குக் கொண்டு வரப்பட்டு, நீலகிரியில் வேலைக்கு விடப்பட்டனர். லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டடத்தை எழுப்பும் பணியிலும் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். 1867ஆம் ஆண்டு ஜூலை மாதம், புயல் வீசிய ஓர் இரவில் அவர்களுட் பன்னிருவர் தப்பி ஓடினர். அவர்களைத் தேடிச் சென்ற காவலர் அணி ஒன்று திரும்பவில்லை. செப்டம்பரில் நான்கு காவலரின் உடல்கள், தலை வேறு உடல் வேறாக, சிஸ்பாறை மலைப்பாதைக் காட்டிலே கிடந்தன. நீலகிரி மாவட்டத்தைப் பற்றி 1908இல் வெளிவந்த அரசாங்க நூல் இதனைக் கூறுகிறது. இச்செய்தி பரவிய மலையிலே "சீனன்" என்ற சொல்லைக் கேட்ட மக்களின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தண்டனை முடிந்து விடுதலை பெற்ற சீனர் சிலர் அம்மலையிலேயே தங்கினர். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் குடியேறி, பறையர் சமூகத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து, ஒரு சிறு குடியிருப்பாயினர். சென்னை அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளராயிருந்த எட்கார் தர்ஸ்டன் அங்கே சென்று கண்டவற்றை, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிற் சேர்த்துள்ளார். ஒரு குடும்பத்தை அவர் நிறுத்தி அளந்தார். தகப்பன், தாய், பதினெட்டு வயது மகள், பத்தும் ஒன்பதும் ஐந்தும் வயதான மூன்று ஆண்பிள்ளைகள். தலையின் நீளம், அகலம், மூக்கின் நீளம், அகலம் யாவும் சென்ரிமீற்றரில் இருக்கின்றன. பிள்ளைகளின் நிறமும் கண்ணின் சாய்வும் தகப்பனை ஒத்திருந்தன என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாயின் பெயரை எழுதவில்லை. அவள் பிள்ளைகளை எந்த மொழியில் தாலாட்டினாள் என்று கேட்கவுமில்லை.

எனினும், அளவுகோலுக்கு இடையே சில வரிகளில் அக்குடும்பம் எட்டிப் பார்க்கிறது. காய்கறி பயிரிட்டனர், சிறிய அளவிற் காப்பி வளர்த்தனர், மாடு வளர்த்து, அதனால் வந்த வருவாயையும் சேர்த்துக் கொண்டனர். காய்கறித் தோட்டம் சீனத் தகப்பனின் கைவண்ணம் என்று எவரும் ஊகிக்கலாம். பசுவோ? பால் பழகாத நாட்டவன் தொழுவத்துக்குப் பசுவைக் கொண்டு வந்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தகப்பன் கிறிஸ்தவனாக மாறியிருந்தான். மதம் மாறியபோது தன் நீண்ட பின்னலை வெட்ட நேர்ந்தது ஒன்றே அவனுடைய மனக்குறையாக இருந்ததாம். நாடு போயிற்று, சிறை கண்டான், அவற்றைப் பற்றிக் குறைப்படாதவன் பின்னலுக்காகக் குறைப்பட்டான். தர்ஸ்டன் இதை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். எனக்கோ, அந்த நூலின் பக்கத்தில் மனிதனாகத் தோன்றுபவன் அந்த வரியிலேதான் தோன்றுகிறான்.

மலாக்காவின் செட்டிகளிடம் இதே கதை இடம் மாறி நிகழ்ந்திருக்கிறது. அங்கே கடல் கடந்து சென்றவர்கள் தமிழ் வணிகர்கள். மனைவியராக வாய்த்தவர்கள் மலாய், ஜாவா, சீனம் முதலிய இனங்களின் பெண்கள். தலைமுறைகள் செல்ல, வீட்டுமொழி மலாய் ஆயிற்று. சமையலும் பெண்களின் உடையும் அந்நாட்டு முறைக்கு மாறின. ஆயினும் சைவம் நிலைத்தது. 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையது, பொங்கலும் பொங்குகிறார்கள். தமிழ் பேசாதவர் தமிழர் ஆவரோ என்று வாதிடுவோர் ஒருமுறை மலாக்காவின் காஜா பெராங்குக்குச் சென்று வருதல் நன்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும் அடி மலையகத் தமிழர் மீது விழுந்தது, இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். சிறு தொகையினரான சீனரைப் பற்றி அக்காலத்தில் அதிகம் பேசுவார் இல்லை. அச்சட்டம் வம்சாவழிப் பிரசாவுரிமையைத் தகப்பன் வழியாகவே எண்ணியது. முன்பே பிறந்தவனாயின் தகப்பன் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பின்பு பிறந்தவனாயின் பிறக்கும் வேளையில் தகப்பன் இலங்கைப் பிரசையாயிருக்க வேண்டும். தாய் எத்தனை தலைமுறையாக எழுவான்கரையில் வாழ்ந்தவளாயினும் அந்தக் கணக்கில் இடம் பெறவில்லை.

இதிலே ஒரு விபரீதம் இருந்தது. திருமணம் இன்றிப் பிறந்த பிள்ளையாயின், தகப்பனுக்குப் பதிலாகத் தாயையும் தாய்வழிப் பாட்டனையும் பூட்டனையும் கொள்ளலாம் என்று அதே சட்டம் கூறியது. ஆகவே, சீனர் ஒருவர் முறைப்படி பதிவுத் திருமணம் செய்து, பிள்ளையின் பிறப்பைத் தம் பெயரில் ஒழுங்காகப் பதிந்தால் பிள்ளை அந்நியன். பதிவின்றி வாழ்ந்திருந்தால் அதே பிள்ளை பிரசை. விவாகப் பதிவுகாரரின் முன்னே ஊரார் மெச்சக் கையொப்பமிட்ட தாய், தன் பிள்ளைக்குரிய நாட்டையும் அதே கையொப்பத்தால் எழுதிக் கொடுத்தவளானாள். தாய் பிரசையாயிருந்தால், குறித்த காலம் நாட்டில் வசித்த பின் பிள்ளை விண்ணப்பித்துப் பதிவு பெற ஒரு வழியும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அது விண்ணப்பம். பிறப்போடு வரும் உரிமையன்று. பிரசாவுரிமை என்று அன்று வழங்கியதை இன்று குடியுரிமை என்கிறோம். குடி என்ற சொல்லைத் தாயோடு பிணைத்து வைத்திருக்கும் நம் கரை மக்களின் காதுக்கு இச்சொல் எப்படி ஒலிக்கும் என்று எண்ணியதுண்டு.

சட்டத்துக்கும் தாய்வழிக்கும் மட்டக்களப்பில் நேர்ந்த முதல் மோதல் இதுவன்று. முக்குவர் சட்டம் என்று வழங்கிய தாய்வழி உரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1876இல் நூலாக்கினார். அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முறையின் சட்டவலுவை நீக்கியது. ஆயினும் மகளுக்கு வீடு கொடுப்பதை எவரும் நிறுத்தவில்லை. கோயில் திருவிழாக்களில் குடிகளின் உரிமையும் ஒழியவில்லை.

2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தகப்பன் என்றிருந்த இடத்தில் தாயையும் சேர்த்தது. 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சீன வம்சாவழியினருக்குக் குடியுரிமை வழங்குவதற்கென்றே இயற்றப்பட்டது. 1948 நவம்பர் 15ஆம் தேதிக்கு முன்பிருந்தே இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் அதன்படி குடியுரிமை கோரலாயினர். பழைய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலே பிறந்த குழந்தைக்கு அப்பொழுது வயது அறுபது.