பாதியில் நின்றுபோகும் பரீட்சை

மலர்க் குழுவினர் "நீயும் ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத எப்படியும் பத்துப் பேர் இருப்பார்கள், நாம் வேறு பக்கம் போவோமே என்று தோன்றியது. "இன்ஜினியருக்கும் நர்ஸ் பரீட்சைக்கும் என்னடே சம்பந்தம்?" என்று சீனியர்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் என் அக்கா. நாகர்கோவில் பக்கம் நர்ஸ் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டு நர்ஸ், பதினாலு வருஷம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்துவிட்டு, நாற்பதாவது வயதில் அமெரிக்காவின் 'என்கிளெக்ஸ்' என்ற உரிமத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். ராத்திரி கேள்விகளை வாசித்துக் காட்டுவது என் டியூட்டி. வாசிக்க வாசிக்க, அந்தப் பரீட்சைக்குள் ஓடும் எந்திரமும் அது நடந்து வந்த பாதையும் என்னைப் பிடித்துக்கொண்டன.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. நர்ஸுக்கு எதற்கு லைசென்ஸ்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை ஏப்ரன் கட்டிய யாரும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று வருஷம் பயிற்சி பெற்றவருக்கும் மூன்று நாள் பார்த்துப் பழகியவருக்கும் நோயாளியின் கண்ணில் வித்தியாசமில்லை. பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டத்தை 1901-இல் நியூசிலாந்து கொண்டுவந்தது. 1902 ஜனவரியில் எல்லன் டோகர்ட்டி என்பவர் உலகின் முதல் பதிவு பெற்ற நர்ஸ் ஆனார். அமெரிக்காவில் 1903-இல் வட கரோலினா தொடங்கி வைக்க, நியூஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மூன்றும் அதே வருஷம் பின்தொடர்ந்தன.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சாட்சாத் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்! நல்ல நர்ஸின் குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் கட்சி. அவர் மறைந்து ஒன்பது வருஷம் கழித்து, 1919-இல்தான் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்துக்கு 1926-இல் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. இன்றும் இங்கே பட்டம் வாங்கி கவுன்சிலில் பதிவு செய்தால் போதும், தனியாக லைசென்ஸ் பரீட்சை கிடையாது. (நமக்கும்தான் கிடையாது. பாலம் கட்டுகிறவனுக்கு இல்லாத பரீட்சை ஊசி போடுகிறவருக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், நான் கேள்வியைத் திருப்பிப் போடுவேன்.)

அமெரிக்காவின் ஆரம்பச் சட்டங்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 'பதிவு பெற்ற நர்ஸ்' என்ற பட்டப்பெயருக்குத்தான் காவல். அந்தப் பெயரைப் போடாமல் யாரும் அந்த வேலையைச் செய்யலாம். அதை அடைக்க நியூயார்க் 1938-இல் சட்டம் போட்டது. பரீட்சையும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. கேள்வித்தாள் தயாரிப்பது, கட்டுரை மாதிரியான விடைகளை உட்கார்ந்து திருத்துவது எல்லாம் அந்தந்த மாநில போர்டின் தலைவலி.

அதை மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஆஸ்பத்திரிகளுக்கும் ராணுவத்துக்கும் ஒரே நேரத்தில் நர்ஸுகள் வேண்டும். திருத்தி முடிக்கிற வரை யார் காத்திருப்பது? 1944-இல் மாநிலங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கேள்விக் குவியலை உருவாக்கின. கட்டுரை போய், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வந்தன. 1950-க்குள் எல்லா மாநிலங்களும் இதற்குள் வந்துவிட்டன. மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், மனநலம் என ஐந்து பேப்பர், இரண்டு நாள். 1978-இல் மாநில போர்டுகளின் தேசியக் கவுன்சில் அமைந்தது. 1982 ஜூலையில் ஐந்தையும் உருக்கி ஒன்றாக்கி என்கிளெக்ஸ் பிறந்தது. வருஷத்துக்கு இரண்டே தடவை, பிப்ரவரியும் ஜூலையும், பெரிய ஹால்களில் பென்சிலும் கையுமாக.

இனிமேல்தான் நம் ஆட்களுக்கான விஷயம். 1994 ஏப்ரலில் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஏற்ற கேள்வியைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள். நாடு முழுவதற்குமான உரிமத் தேர்வு ஒன்று இப்படி மாறியது அதுவே முதல் தடவை. இதன் அடியில் இருப்பது, டென்மார்க் கணித அறிஞர் ஜியார்ஜ் ராஷ் 1960-இல் புத்தகமாக வெளியிட்ட கணக்கு. கேள்வியின் கடினத்தையும் எழுதுபவரின் திறமையையும் ஒரே அளவுகோலில் வைக்கிறார். இரண்டும் சமமாக இருந்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினம். தப்பானால் கொஞ்சம் எளிது. நம் பைனரி சர்ச்சுக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்கள் திறமை பாஸ் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறது என்று 95 சதவீத உறுதி கிடைத்த நிமிஷம் மெஷின் நின்றுவிடும். 1994-இல் குறைந்தது 75 கேள்வி, அதிகபட்சம் 265.

இதன் விளைவு விசித்திரமானது. நன்றாகப் படித்தவருக்கும் சுமாராகப் படித்தவருக்கும் ஏறக்குறைய பாதிதான் சரியாக வரும். எந்த உயரத்தில் அந்தப் பாதி என்பதில்தான் வித்தியாசம். ஸ்கூலில் இருந்தே தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள், இரண்டு கேள்விக்கு ஒன்று தெரியாமல் போனால் பரீட்சை ஹாலிலேயே நொறுங்கிப் போவார்கள். "கேள்வி கஷ்டமா வருதுன்னா நீ மேல ஏறுறேன்னு அர்த்தம்" என்று அக்காவிடம் ஒரு மாசம் சொன்னேன். "உனக்கென்னடே, வெளியில நின்னு சொல்லுவ" என்றாள். சீக்கிரம் நின்றால் பாஸ் என்றொரு வதந்தியும் நர்ஸுகளிடையே உண்டு. அப்படியெல்லாம் இல்லை. கீழே என்று உறுதியானாலும் அதே வேகத்தில்தான் நிற்கும்.

இந்த முறைக்கு இன்னொரு லாபம், எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. 2006 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் சொந்த நர்ஸ் தேர்வில் சுமார் 42,000 பேர் எழுதினார்கள். கேள்விகள் முன்கூட்டியே கசிந்திருந்தது பின்னால் தெரிந்தது. அந்த அணியில் தேறியவர்கள் மூன்றாம், ஐந்தாம் பகுதிகளைத் திரும்ப எழுதினால்தான் அமெரிக்க விசாவுக்கான சான்றிதழ் என்று 2007-இல் சொல்லிவிட்டார்கள். தப்பே செய்யாமல் படித்துத் தேறியவர்களும் அதில் மாட்டினார்கள். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே ரொம்ப வலிக்கிற பக்கம் அதுதான்.

2005 வரை இந்தப் பரீட்சை எழுத அமெரிக்க மண்ணுக்கே போக வேண்டும். அந்த ஜனவரியில் லண்டன், ஹாங்காங், சியோல் திறந்தன. பிறகு நம் ஊர் நகரங்களும் சேர்ந்தன. அக்கா 2024-இல் சென்னையில் எழுதினாள். கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையத்துக்கு மேலும் 150. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

ஆனால் பணத்தை விடப் பெரிய தடை வேறு. பதினாலு வருஷ அனுபவம் சில இடத்தில் கை கொடுத்தது, சில இடத்தில் காலை வாரியது. ஒரு கேள்வி: நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய்? ஆபரேஷன் வலியில் கத்துபவர், சர்க்கரை ஏறியவர், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர், வீசிங் திடீரென்று நின்றுபோன ஆஸ்துமாக்காரர். நான் கத்துபவரைச் சொன்னேன். அக்கா யோசிக்கவே இல்லை: "சத்தம் நின்னா காத்து போகலைன்னு அர்த்தம். அவருகிட்ட ஓடணும்." இதெல்லாம் வார்டு கற்றுக்கொடுத்தது. ஆனால் "முதலில் என்ன செய்வாய்?" என்றால், அவள் விரல் "டாக்டரிடம் தெரிவிப்பேன்" என்ற விடைக்கே போகும். அவள் வேலை பார்த்த இடத்தில் அதுதான் ஒழுங்கு, மீறினால் திட்டு. அந்தப் பரீட்சையோ பெரும்பாலும், நீ முதலில் நோயாளியைச் சோதித்தாயா, உன் கையில் உள்ளதைச் செய்தாயா என்று கேட்கிறது. லைசென்ஸ் உன் பேரில் இருக்கிறது, பொறுப்பும் உன் பேரில் என்ற சட்டத்தின் குரல் அது. சாண்டர்ஸ் புத்தகத்தை மனப்பாடம் செய்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. டாக்டரைப் பார்க்கும் கண்ணைத் திருப்பி நோயாளி மேல் வைப்பதற்குத்தான் எட்டு மாசம் ஆயிற்று.

2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவம் இதையே இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. ஒரே நோயாளியின் கதை ஆறு கேள்விகளாக விரிகிறது. பாதி சரிக்குப் பாதி மதிப்பெண். கேள்விகள் 85 முதல் 150 வரை, ஐந்து மணி நேரம். அக்காவுக்கு மெஷின் 112-இல் நின்றது. பாஸ்.

உடனே விமானமா என்று கேட்காதீர்கள். 2024 அக்டோபரில் அமெரிக்க விசா வரிசையில் நம் நாட்டு நர்ஸுகள் வரும் பிரிவில், 2012-இல் விண்ணப்பித்தவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் 2015 முதல் கனடாவும், 2020 முதல் வெளிநாட்டு நர்ஸுகளுக்கு ஆஸ்திரேலியாவும் இதே பரீட்சையை வைத்துக்கொண்டுள்ளன. ஆஸ்திரேலியாவுக்கு இதற்கு மேல் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. அக்கா இப்போது அதற்குத் தயாராகிறாள். சாயங்காலம் ஆனால் என் கையில் பி.பி. பட்டையைக் கட்டி, இங்கிலீஷில் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் பம்ப்பை அழுத்துகிறாள்.