கடல் எல்லையும் கன்னியாகுமரி எம்.பி.யும்: ஓர் அதிகாரத்தின் வரலாறு

1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கடல் எல்லையை வரையறுத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களான கேவல் சிங்கும் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். குமரிமுனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் ‘வாட்ஜ் பேங்க்’ என்ற மீன்வளம் கொழிக்கும் கடல்மேடு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வரும் என்பதை உறுதி செய்தவை அந்தக் கடிதங்கள்தான்.

இலங்கையின் இழுவைக் கப்பல்கள் 1920களிலிருந்தே அங்கு மீன்பிடித்து வந்தன. அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக நிறுத்தக் கடிதங்கள் வழி சொல்லின. இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை அறிவித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், இந்திய உரிமம் பெற்ற ஆறு இலங்கைக் கப்பல்கள் வரலாம். ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அது முடிந்தபின், இலங்கை விரும்பினால் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 2,000 டன் மீனை இந்தியா விலைக்குத் தரும். இரு நாட்டு மீனவரும் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இதே கடிதங்களில்தான் இருக்கிறது. ராமேசுவரத்துக்காரர்களை இன்றுவரை வாட்டுவது அதுதான்.

குமரிக் கடலின் கணக்கு இப்படித் தீர்க்கப்பட்டபோது, அதைப் பற்றிக் கேட்கத் தமிழ்நாட்டில் யார் இருந்தார்கள்? சட்டமன்றம் இல்லை, ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. நாகர்கோவில் (இன்றைய கன்னியாகுமரி) மக்களவைத் தொகுதியின் உறுப்பினரான காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று காலமாகியிருந்தார். நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.

நாடாளுமன்றம் முழுமையாக இயங்கியிருந்தாலும் ஒப்பந்தத்தை அது தடுத்திருக்க முடியாது. இந்திய அரசியலமைப்பில் பன்னாட்டு ஒப்பந்தம் செய்வது அமைச்சரவையின் வேலை. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை. அமெரிக்காவில் அவைக்கு வந்திருக்கும் செனட் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால்தான் ஓர் உடன்படிக்கை உயிர் பெறும். இங்கே அந்தப் பூட்டு இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. பெருபாரி வழக்கில், இந்திய நிலத்தை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் கருத்துரைத்தது. ஒன்பதாவது திருத்தம் அதனால் வந்தது. 2015இல் வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொண்டபோது நூறாவது திருத்தம் தேவைப்பட்டதும் இதனால்தான்.

கச்சத்தீவு அந்த வாசல் வழியே போகவில்லை. அதை இலங்கைப் பக்கம் சேர்த்த 1974 ஜூன் ஒப்பந்தத்தை நில ஒப்படைப்பாக அல்லாமல் தீராதிருந்த எல்லைச் சிக்கலின் தீர்வாக அரசு முன்வைத்தது. திருத்த மசோதா வரவில்லை. மக்களவைக்கு வந்தது வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்கின் அறிக்கை, அதுவும் கையெழுத்தாகி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் தி.மு.க.வின் இரா. செழியனும் அன்று கடுமையாக எதிர்த்தார்கள். ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முதல்வர் கருணாநிதியிடம் வெளியுறவுச் செயலாளர் முன்கூட்டியே பேசியிருந்தார் என்பதை 2024இல் வெளியான ஆவணங்கள் காட்டின. முதல்வருக்குக் கிடைத்த முன்தகவல் அந்தக் கடலோரத்தின் எம்.பி.க்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கச்சத்தீவைக் கொடுத்து வாட்ஜ் பேங்கை வாங்கினோம் என்ற வாதம் இன்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. 1974 ஒப்பந்தத்தில் வாட்ஜ் பேங்க் என்ற பெயரே இல்லை. அந்த மேடு இலங்கையைவிடக் குமரிமுனைக்கு அருகில் இருக்கிறது. நடுக்கோடு எப்படி வரைந்தாலும் அதன் பெரும்பகுதி இந்தியப் பக்கம்தான் விழும். கொழும்பு இழந்தது மீன்பிடிப் பழக்கத்தை; டெல்லி பெற்றது, எப்படியும் வரவிருந்த உரிமைக்கு ஓர் எழுத்துச் சான்று. பண்டமாற்று என்று சொல்ல இது போதாது.

நாடாளுமன்றத்துக்கு உண்மையான பிடி இருந்தது வேறோர் இடத்தில். அதே 1976இல் நாற்பதாவது திருத்தம் அரசியலமைப்பின் 297ஆம் பிரிவை மாற்றி, பொருளாதார மண்டலத்தின் வளங்களை ஒன்றிய அரசின் கையில் வைத்தது. ஆகஸ்டில் கடல் மண்டலங்கள் சட்டம் வந்தது: 12 கடல் மைல் ஆட்சிக்கடல், 24 வரை ஒட்டிய மண்டலம், 200 வரை பொருளாதார மண்டலம். திருத்தம், சட்டம் இரண்டும் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தவை. ஒப்பந்தத்தில் இல்லாத திருத்தும் உரிமை உறுப்பினர்களுக்கு இவற்றில் இருந்தது. மீன்பிடிப்போரின் பங்கு என்ன, கடலோர மாநிலத்தைக் கலந்துகொள்ள வேண்டாமா என்று சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கலாம். நெருக்கடி நிலைக்கால அவை அதைச் செய்யவில்லை.

அந்தச் சட்டத்தின் கனத்தைக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை அதிகம் சுமக்கிறது. நீரோடி முதல் இரயுமன்துறை வரை அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களைத் தூத்தூர் வட்டாரம் என்பார்கள். சுறா தேடி வாரக்கணக்கில் கடலில் தங்கி, மாலத்தீவையும் தியேகோ கார்சியாவையும் தாண்டிப் போகிறவர்கள் இவர்கள். ஆட்சிக்கடலுக்குள் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு வெளியே மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலின் 57ஆம் இனம். பன்னிரண்டு மைலைத் தாண்டிய தூத்தூர்க்காரரின் பிழைப்புக்குச் சட்டம் இயற்றும் இடம் சென்னை அல்ல, டெல்லி. எம்.எல்.ஏ. அவருக்காகக் குரல் கொடுக்கலாம். அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க எம்.பி.யால்தான் முடியும்.

2012 பிப்ரவரி 15 அன்று இந்த அதிகாரப் பிரிவு வேறு முகத்தில் வெளிப்பட்டது. கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில் ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில், ‘செயின்ட் ஆன்டனி’ படகிலிருந்த இரு மீனவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவரும் படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்துக்காரர்கள். வழக்கைக் கேரளக் காவல்துறை நடத்தலாமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் 1976 சட்டத்தைப் புரட்டியது: 12 மைலுக்கு வெளியே நடந்ததில் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, ஒன்றிய அரசுக்கே உண்டு. பின்னர் பன்னாட்டுத் தீர்ப்பாயம், வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு சேர வேண்டும் என்று 2020இல் முடிவு சொன்னது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்தபின் 2021 ஜூனில் வழக்கு மூடப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் டெல்லியும் ரோமும் பேசிக்கொண்டிருந்தன. பிழைப்புக்குப் போய் உயிரிழந்தவர்களின் வீடுகள் காத்திருந்தன.

நாட்டின் பாதுகாப்பு என்ற சொல் இந்த மாவட்டத்துக்குக் கடல் வழியாக மட்டும் வரவில்லை. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம், தனிநாடு கேட்ட திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் கையில் 1947இல் ஒரு பேரத் துருப்பாக இருந்தது. மறு ஆண்டு அணுசக்தி மசோதாவை நேரு அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தபோது, மைசூரைச் சேர்ந்த எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து, அமைதி ஆராய்ச்சிக்கும் மசோதா விதிக்கும் இந்த ரகசியம் எதற்கு என்று கேட்டார். அமைதிக்கானதையும் போருக்கானதையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். ஓர் உறுப்பினரின் கேள்வி பிரதமரின் வாயிலிருந்து வரவழைத்த அந்த ஒப்புதல், அணுக்கொள்கை பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இன்றும் திரும்பிப் போகும் இடம். மசோதா மட்டும் நிறைவேறியது.

நாகர்கோவிலிலிருந்து 1977இல் வென்ற குமரி அனந்தன் மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடியதை மொழிப் போராட்டமாக மட்டும் பார்ப்பது வழக்கம். கேள்விதான் எம்.பி.யின் முதல் கருவி என்றால், அதை எந்த மொழியில் தொடுக்கலாம் என்பது அதிகாரத்தின் கேள்வியும்தான். கேள்விக்கு வெளியேயும் எம்.பி.க்கு வேலை உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கில் தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஈரானில் சிக்கியபோது கடற்படையின் ‘ஐ.என்.எஸ். ஜலஷ்வா’ பந்தர் அப்பாசிலிருந்து ஆட்களை ஏற்றி ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. இத்தகைய நேரங்களில் எம்.பி. செய்வது கடிதமும் தொலைபேசியும் நேரில் போய் நிற்பதும்தான். வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பை நகர்த்துவது பெரும்பாலும் அந்தத் தொல்லைதான்.

1976 கடிதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி, இப்போது திடீரென்று கனம் கொண்டுவிட்டது. அந்த மூன்றாண்டுகளுக்குள் வாட்ஜ் பேங்கில் பெட்ரோலியமோ கனிமமோ தேட இந்தியா முடிவெடுத்தால், இலங்கைக்கு அறிவிக்கும். இலங்கைக் கப்பல்கள் அங்கிருந்து விலகும். அண்மை ஆண்டுகளில் குமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடல் பகுதிகள் எண்ணெய், எரிவாயு ஏலத்துக்கு வந்தபோது கரையெங்கும் மீனவர்கள் எதிர்த்துத் திரண்டார்கள். கொழும்புக்கு முன்னறிவிப்பு தருவதாக டெல்லி அன்று எழுதிக்கொடுத்தது. குளச்சலுக்கும் தூத்தூருக்கும் அப்படியொரு கடிதம் கிடையாது. 1993 முதல் நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பக்கத்துத் தொகுதியான திருவனந்தபுரத்தின் சசி தரூர் வெளியுறவுக் குழுவுக்கே தலைமை வகித்திருக்கிறார். வாட்ஜ் பேங்கின் எண்ணெய் பெட்ரோலியக் குழுவுக்கு, மீன் வேளாண்மைக் குழுவுக்கு, எல்லைக்கோடு வெளியுறவுக் குழுவுக்கு. ஒரே கடல்மேட்டைப் பற்றிக் கேட்கக் குமரியின் உறுப்பினர் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.