ஆணிப் பட்டறையிலிருந்து 6.8 கிலோ வரை

இலக்கியக் கூட்டத்தில் சைக்கிளின் எடையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது ஒருங்கிணைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். பிறகு, "வரலாறாகச் சொல்வதென்றால் சரி" என்றார்கள். வரலாறாகவே சொல்லப் பார்க்கிறேன்.

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் வசிக்கிறேன். கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதி. அங்கே என் வீட்டு கராஜில் ஒன்றரை ஆண்டாக ஒரு ரோடு பைக்கை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மிளகாயும் மல்லியும் நிறுத்த சிறு தராசு இப்போது கராஜுக்குக் குடிபோய்விட்டது. எக்செல் தாளில் இரண்டு பத்திகள்: தயாரித்த நிறுவனம் சொல்லும் எடை, என் தராசு சொல்லும் எடை. சாதாரண ரப்பர் ட்யூப் 100 கிராம்; அதற்குப் பதிலாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் அதில் பாதிகூட இல்லை. இரும்பின் அடர்த்தி 7.8 என்றால் டைட்டானியத்துக்கு 4.5, ஆகவே போல்ட்டுகள் எல்லாம் டைட்டானியம். இந்தப் பித்து உள்ளவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சீட் போஸ்ட்டை அரை அங்குலம் அறுத்து எறிந்தவனைப் பார்த்து அவர்கள் சிரிப்பதில்லை. எத்தனை கிராம் குறைந்தது என்றுதான் கேட்பார்கள்.

கணக்கு என்னவோ கருணையற்றது. நான் 70 கிலோ. சைக்கிள், உடை, தண்ணீர் சேர்த்தால் 78. அதில் 100 கிராமைக் குறைத்தால் பத்து நிமிட ஏற்றத்தில் அதிகம் போனால் முக்கால் வினாடி மிச்சம். சமதரையில் அதுவும் கிடையாது, அங்கே எதிரி காற்று. 750 மில்லி தண்ணீர் பாட்டிலை நிரப்பினாலே ஒரு வருடச் சேமிப்பு போய்விடும். அப்படியானால் இந்தக் கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது?

பர்மிங்காமில் ஓர் ஆணிப் பட்டறையிலிருந்து வந்தது. ஜான் ரெனால்ட்ஸ் 1841-இல் தொடங்கிய ஆணி செய்யும் தொழில் அது. அந்தக் குடும்பத்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். சைக்கிள் ஃபிரேமின் குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுவது முனைகளில். சூடு படுவதும் அங்கே, அழுத்தம் மிகுவதும் அங்கே. நடுப்பகுதிக்கு அவ்வளவு உலோகம் தேவையில்லை. ஆனால் மெல்லிய குழாயை எடுத்தால் முனை உடைகிறது, தடித்த குழாயை எடுத்தால் நடுவில் வீண் எடை. ரெனால்ட்ஸ் செய்தது, வெளிவிட்டம் மாறாமல் உட்பக்கம் மட்டும் முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும் குழாய். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சைக்கிளின் எடை வரலாற்றில் இதைவிட அழகான யோசனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வந்த டைட்டானியமும் கார்பனும் புதிய பொருள்கள். இது பழைய பொருளிலேயே செய்த புதிய சிந்தனை. 1935-இல் அதே நிறுவனம் '531' என்ற உலோகக் கலவைக் குழாயைக் கொண்டுவந்தது. குழாயின் நடுச்சுவர் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பந்தய சைக்கிள் என்றால் 531-தான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ரெனால்ட்ஸ் 1928-லேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுமத்தில் சேர்ந்துவிட்டது. ஹெர்குலிஸ் சைக்கிள் கம்பெனியும் பின்னர் அதே குழுமத்துக்குள் வந்தது. 1949-இல் முருகப்பா குடும்பத்தினர் அந்தக் குழுமத்தோடு கைகோத்துத் தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். நான் அம்பத்தூர்க்காரன். எங்கள் ஊரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அந்த வெள்ளைக்காரர் யார் என்று சிறுவயதில் யாரும் சொன்னதில்லை. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்தவர் அவர்.

ஆக, ஐரோப்பியப் பந்தயக்காரன் கையில் காகிதம்போல் மெல்லிய 531. என் அப்பாவிடம் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள ஹெர்குலிஸ். இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றே. இதைச் சொன்னால் உடனே ஒரு விளக்கம் வரும்: நல்ல சரக்கைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு நமக்கு இரும்பைத் தள்ளிவிட்டார்கள் என்று. விலை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அப்பாவின் ஹெர்குலிஸில் என்னென்ன ஏறியது என்று எண்ணிப் பார்த்தேன். முன் பாரில் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் தங்கை, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. டிரிபிள்ஸ் போனால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடும் என்ற பயம் வேறு.

புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991-92-இல் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். அதில் ஒரு சிறு விவரம் என் மனத்தில் தங்கிவிட்டது. லேடீஸ் சைக்கிள்கள் போதவில்லை, ஆகவே ஜென்ட்ஸ் சைக்கிள்களை எடுத்தார்கள். ஆனால் சிலர் விரும்பியே ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டார்கள். அதில் நடுவே ஒரு பார் கூடுதலாக இருக்கிறது, அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். நான் கராஜில் கிராம் கிராமாகக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கூடுதல் இரும்பை வேண்டிக் கேட்ட அந்தப் பெண்கள் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு. 20 கிலோ ஹெர்குலிஸ் ஒரு குடும்பத்தையும் மூட்டையையும் சேர்த்து 180 கிலோ சுமந்தால், தன் எடையைப் போல் ஒன்பது மடங்கு. என் 7 கிலோ பைக் 70 கிலோ என்னைச் சுமக்கிறது, பத்து மடங்கு. விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை! அப்பாவின் சைக்கிள் முட்டாள்தனமாகக் கனத்ததல்ல. அது செய்யவேண்டிய வேலைக்கு அளந்து செய்தது. ஆனால் ஹெர்குலிஸ் அந்தச் சுமையோடு வண்டித்தடத்தில் இறங்கும், வரப்பில் ஏறும். என் பைக் ஒரு குழியில் சரியாக விழுந்தால் ரிம் போச்சு. கோட்டம் எடுக்கக்கூட வழியில்லை, கார்பன் வளையாது, பிளக்கும். அதன் மிச்ச எடையைச் சாலைதான் சுமக்கிறது.

இதையும் ஆரம்பகால சைக்கிள்காரர்கள் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து சாலை மேம்பாட்டுச் சங்கம் அமைத்தது 1886-இல். காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. கார்கள் தெருவுக்கு வருவதற்கு வெகு முன்பு. நல்ல சாலை கேட்டு முதலில் குரல் கொடுத்தவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு என்பது இன்று நம்மை ஹாரன் அடித்து ஒதுக்கும் லாரிக்காரர்களுக்குத் தெரியாது.

சாலை இல்லாத காலத்துக்கு ஒரு நியூசிலாந்து சாட்சி இருக்கிறார். கிறைஸ்ட்சர்ச்சின் ஹாரி வாட்சன், டூர் தி ஃபிரான்ஸில் ஓட்டிய முதல் நியூசிலாந்துக்காரர். 1928-இல் மூன்று ஆஸ்திரேலியர்களோடு நால்வர் அணியாகப் போனார். எதிரணிகளில் பத்துப் பேர் வரை இருந்தார்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மலைகளில் பெரும்பாலும் சரளைப் பாதை. கியர் மாற்றும் கருவிக்கு அந்தப் பந்தயத்தில் 1937 வரை தடை. வாட்சன் 28-ஆவதாக முடித்தார். அந்தப் பாதையில் டைட்டானியம் போல்ட் என்ன செய்திருக்கும்?

எடைப் பித்தின் உச்சம் என்று நான் நினைப்பது 1972 அக்டோபர் 25. மெக்சிகோ நகரம், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், மெல்லிய காற்று. எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். எர்னெஸ்டோ கொல்னாகோ செய்த அந்த இரும்பு சைக்கிள் ஆறு கிலோவுக்கும் குறைவு. ஹேண்டில்பாரில் துளை, செயினில் துளை. எங்கெல்லாம் டிரில் நுழையுமோ அங்கெல்லாம் துளை. இன்று அது பிரஸ்ஸல்ஸில் அவர் பெயரிலேயே உள்ள மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.

1993-இல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ அந்தத் துளைகளைப் பொருட்படுத்தாமல் ஒரு சைக்கிளைத் தானே செய்தார். பெடல் அச்சுக்கு ஒரு வாஷிங் மெஷினின் பேரிங். வாஷிங் மெஷின் தயாரித்த ஃபிஷர் அண்ட் பைக்கல் எங்கள் ஈஸ்ட் டாமாக்கியில்தான் இருந்ததால், இங்கே இந்தக் கதையைச் சொன்னால் உள்ளூர்ப் பெருமையோடு கேட்கிறார்கள்! எடையில் அல்ல, கைகளை மார்புக்கடியில் மடக்கிக் காற்றுக்கு ஒளிந்துகொண்டதில்தான் ஓப்ரீ வென்றார்: 51.596 கிலோமீட்டர். ஆறாவது நாள் கிறிஸ் போர்டுமன் அதை முறியடித்தார். ஓப்ரீயின் இருக்கும் நிலை அடுத்த ஆண்டே தடைசெய்யப்பட்டது. 1996-இல் லுகானோ சாசனம் இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை என்றது. 2000-இல் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முரணைக் கவனியுங்கள். அதே ஆண்டு 'மெர்க்ஸ் காலத்துச் சாதாரண சைக்கிளில்' மணிச் சாதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். போர்டுமன் 49.441 ஓட்டினார், மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் அதிகம். ஆனால் மெர்க்ஸின் அசல் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தால் தராசிலேயே தோற்றிருக்கும்.

என் பைக்குக்கு எந்த விதியும் இல்லை. ஒரு கட்டத்தில் 6.7 கிலோ வந்தது. அதை எடுத்துக்கொண்டு விட்ஃபோர்டு, மராய்டாய், கிளீவ்டன் வழியாக ஓட்டினேன். நியூசிலாந்து நாட்டுப்புறச் சாலை என்றால் தார் ஊற்றி அதன்மேல் சில்லுக்கற்களைப் பரப்பி அழுத்தியது. பார்க்கக் கறுப்புப் பட்டு, ஏறினால் உரல். சன்னமான டயரில் பல் ஆடுகிறது, உந்திய சக்தியில் ஒரு பங்கு அதிர்விலேயே போகிறது. 32 மில்லிமீட்டர் அகல டயர்களை மாட்டிக் காற்றைக் குறைத்தேன். எடை 7 கிலோவைத் தாண்டியது, கிளீவ்டன் சீக்கிரம் வந்தது.

போன மாதம் நம் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1990-க்குப் பிறகு மின்சாரமும் பெட்ரோலும் அற்ற யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. 1995 அக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவரும் சைக்கிளோடு இருந்தார். அந்தச் சைக்கிள் எத்தனை கிலோ இருக்கும் அண்ணே என்று கேட்டேன்.

"தம்பி, சைக்கிள் என்ன நிறை எண்டு ஆருக்குத் தெரியும்? கரியரில அம்மம்மா. பாரில அரை மூட்டை அரிசி. ஹாண்டிலில ரெண்டு பை, ஒண்டில உடுப்பு, மற்றதில பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற்றுகள். ஓடேலாது, சனம் அவ்வளவு. விடிய விடியத் தள்ளிக்கொண்டுதான் போனது."