ஒரே செடி, இரண்டு டீ

கிரீன் டீக்கு ஒரு செடி, பிளாக் டீக்கு வேறு செடி. ஐரோப்பாவில் பலர் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸே 1762-ல் தேயிலையை இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார். இத்தனைக்கும் அவர் சீனா பக்கமே போனதில்லை!

1843-ல் சீனா போன ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன் நேரில் பார்த்துச் சொன்னார்: செடி ஒன்றுதான், வித்தியாசம் பக்குவத்தில். பறித்த இலையை உடனே சூடான இரும்புச் சட்டியில் வாட்டினால் பச்சை நிற்கும். அது கிரீன் டீ. வாடவிட்டு, கசக்கி, காற்றுபட வைத்திருந்தால் நறுக்கிய ஆப்பிள் போல இலை கறுக்கும். பிறகு உலர்த்தினால் பிளாக் டீ. கறுப்பதைப் பாதியில் நிறுத்தினால் ஊலாங்.

1848-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, தலையை மழித்துப் பின்னல் வைத்துச் சீனர் வேடத்தில் மறுபடி போனார். கிரீன் டீ பட்டறையில் தொழிலாளர்களின் கைகள் நீலமாக இருந்தன. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கட்டும் என்று ஏற்றுமதி இலையில் பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் கலந்தார்களாம். 100 பவுண்டு தேயிலைக்கு அரை பவுண்டுக்கு மேல்! சீனர்கள் அதைக் குடிப்பதில்லை. அந்தச் சாயத்தில் கொஞ்சம் எடுத்து, 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார் ஃபார்ச்சூன்.